துகளிடை அரிமானமும் பற்றவைத்த எஃகின் சான்றிதழும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் துருப்பிடிக்காத எஃகு குறித்து வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். எஃகில் உள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடுப் படலமாகப் படிந்து உலோகத்தைக் காக்கும் விதத்தைக் கட்டுரையாளர் எளிமையாகவும் பிழையின்றியும் விளக்கியிருக்கிறார். ஆனால், பற்றவைத்துச் செய்த தொட்டிகளும் குழாய்களும் அமிலச் சூழலில் சில மாதங்களிலேயே பற்றவைப்பின் ஓரமாக அரித்துக் கசிவதற்குக் குரோமியம் குறைந்த போலி எஃகே காரணம் என்று அவர் முடிவு கட்டியிருப்பதும், ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் போலியை இனம் கண்டுவிடலாம் என்று வாசகர்களுக்கு வழி சொல்லியிருப்பதும் சரியல்ல. உலோகப் பரிசோதனைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி வருபவன் என்ற முறையில், இந்த இரண்டு கருத்துகளும் எவ்வளவு செலவையும் எவ்வளவு வீண் பழியையும் உண்டாக்குகின்றன என்பதை அறிவேன். எனவே சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

கட்டுரை குறிப்பிடும் சேதத்திற்குத் துகளிடை அரிமானம் என்று பெயர். இதில் நம்மைத் திகைக்க வைப்பது, எஃகின் வேதிக் கலவை முற்றிலும் சரியாக இருக்கும்போதே இது நிகழும் என்பதுதான். 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் கொண்ட 304 வகை எஃகுத் தகடு ஒன்றில், பற்றவைப்புக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி உள்ள பட்டை முழுவதும் அரித்துப்போயிருக்க, ஒரு சாண் தொலைவில் உள்ள பகுதி பளபளப்புக் குன்றாமல் இருப்பதைக் காணலாம். இரண்டு பகுதிகளும் ஒரே உலையில் ஒரே முறையில் உருக்கி வார்த்தவை. இரண்டையும் வெட்டி எடுத்து ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்தால் ஒரே கலவைதான் கிடைக்கும். வேறுபட்டது அவை கண்ட வெப்பம் மட்டுமே.

எஃகு என்பது கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற படிகத் துகள்கள் நெருக்கமாகப் பொருந்தி உருவான பொருள். ஒரு துகளில் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள திசை அடுத்த துகளில் மாறிவிடுவதால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் அடுக்கு ஒழுங்கு குலைந்திருக்கும். கரைந்திருக்கும் வேற்றுத் தனிமங்கள் வந்து தங்குவதற்கும், புதிய சேர்மங்கள் முளைவிடுவதற்கும் அந்த எல்லைகளே வசதியான இடங்கள். எஃகில் உள்ள சிறிதளவு கார்பன், 1050 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் உலோகத்துக்குள் முழுதாகக் கரைந்திருக்கும். அங்கிருந்து நீரில் அமிழ்த்தி வேகமாகக் குளிர்வித்தால் அது கரைந்த நிலையிலேயே சிறைப்பட்டுவிடும். ஆலையிலிருந்து வரும் தகடு இந்த நிலையில்தான் வருகிறது. அதே தகட்டை மீண்டும் சூடாக்கி, ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி வரையிலான வரம்பில் போதிய நேரம் நிறுத்தினால், கரைந்திருந்த கார்பன் துகள் எல்லைகளுக்கு நகர்ந்து, அங்குள்ள குரோமியத்துடன் சேர்ந்து குரோமியம் கார்பைடாகப் படிகிறது. துறையில் இருப்பவர்கள் இதைச் சென்சிடைசேஷன் என்பார்கள்.

இந்தக் கார்பைடில் ஒவ்வொரு 6 கார்பன் அணுக்களுக்கும் 23 உலோக அணுக்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை குரோமியம். எடைக் கணக்கில் பார்த்தால், கார்பனைப் போல ஏறத்தாழ 16 அல்லது 17 மடங்கு குரோமியத்தை அது இழுத்துக்கொள்கிறது. 0.06 சதவீதக் கார்பன் உள்ள எஃகில் அத்தனை கார்பனும் இவ்வாறு மாறினாலும், மொத்தத்தில் செலவாகும் குரோமியம் 1 சதவீதம்தான். 18 சதவீதம் 17 ஆகக் குறைவதால் எந்த எஃகும் அரித்துப்போகாது. சிக்கல் இருப்பது மொத்தத்தில் அல்ல, இடத்தில். கார்பன் அணு சிறியது என்பதால் உலோக அணுக்களின் இடைவெளிகளுக்குள் புகுந்து வெகுதொலைவிலிருந்தும் விரைவாக எல்லைக்கு வந்து சேர்கிறது. குரோமிய அணுவோ பெரியது, ஒவ்வோர் இடமாகத்தான் நகர முடியும். ஆகவே கார்பைடுக்குத் தேவையான குரோமியம் எல்லையை ஒட்டிய மிகக் குறுகிய பகுதியிலிருந்தே எடுக்கப்படுகிறது; எடுக்கப்பட்ட இடத்தை நிரப்பத் துகளின் உட்பகுதியிலிருந்து புதிய குரோமியம் அந்த நேரத்துக்குள் வந்து சேர்வதில்லை. ஒரு மைக்ரோமீட்டர் அகலம்கூட இல்லாத அந்தப் பகுதியில் குரோமியம் 12 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காப்புப் படலம் நிலைத்து நிற்கத் தேவையான குரோமியம் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதால், துகள்களின் உடல் முழுவதும் காப்புடன் இருக்க, அவற்றின் எல்லைகள் மட்டும் காப்பின்றி நிற்கின்றன.

அமிலம் படும்போது நடப்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். அரிமானம் எல்லைகளின் வழியே உள்ளே இறங்குகிறது. கரைந்து வெளியேறும் உலோகத்தின் அளவு மிகக் குறைவாதலால் எடை அதிகம் குறைவதில்லை. மேற்பரப்பில் செந்துரு எதுவும் தென்படாமல் போகலாம். தடிமனை அளவுகோலால் அளந்தால் பழைய அளவே வரலாம். ஆனால் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்திருந்த பிடிப்பு போய்விட்டதால், செல்லரித்த மரம் வெளியே உருவம் கலையாமல் நிற்பதைப் போல அந்தத் தகடு நிற்கிறது. வளைத்தால் பிளக்கிறது, முற்றிய நிலையில் விரலால் தேய்த்தாலே மணலாக உதிர்கிறது. நல்ல எஃகைத் தட்டினால் எழும் கணீரென்ற ஒலி இதில் எழுவதில்லை. எடை இழப்பையும் சராசரித் தடிமனையும் மட்டும் நம்பி ஆய்வு நடத்துபவர்கள் இந்தச் சேதத்தைக் காணாமலே கடந்துபோவதற்குக் காரணமும் இதுதான்.

பற்றவைப்பிலேயே அரிக்காமல், அதற்குச் சற்றுத் தள்ளி அரிப்பது ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். உருகிய பகுதியை ஒட்டிய இடம் 850 டிகிரிக்கு மேல் வெகுவாகச் சூடாகி, ஆபத்தான வரம்பை வேகமாகக் கடந்து குளிர்கிறது. வெகுதொலைவில் உள்ள இடம் அந்த வரம்பை எட்டுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில், சரியாக அந்த வரம்புக்குள் தங்கி நிற்கும் ஒரு பட்டை உண்டு. பற்றவைப்புக்கு இணையாக இருபுறமும் ஓடும் அந்தப் பட்டையில்தான் அரிமானம் கோடுபோட்டதுபோல் இறங்குகிறது. மெல்லிய தகட்டை ஒரே ஓட்டத்தில், அதாவது இணைப்பின் நெடுக ஒரே முறை சென்று, பற்றவைக்கும்போது அந்தப் பட்டை சூடாக இருக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால் கார்பன் சற்று அதிகமுள்ள எஃகும் பல நேரங்களில் தப்பிவிடுகிறது. தடித்த தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஓட்டங்கள் இடும்போது, ஒவ்வொரு ஓட்டமும் அதே பட்டையை மறுபடி மறுபடி சூடாக்குகிறது. 0.08 சதவீதத்தை நெருங்கிய கார்பன் உள்ள எஃகு 700 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில நிமிடங்களிலேயே பாதிக்கப்பட்டுவிடும் என்பதால், ஓட்டங்களின் எண்ணிக்கையும், அடுத்த ஓட்டத்தைத் தொடங்குமுன் தகட்டை எவ்வளவு ஆறவிட்டார்கள் என்பதும் அதன் விதியைத் தீர்மானிக்கின்றன.

இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1912இல் ஜெர்மனியின் குருப் நிறுவனத்தில் பென்னோ ஸ்ட்ராஸ், எடுவார்ட் மவுரர் ஆகியோர் குரோமியமும் நிக்கலும் கலந்த இவ்வகை எஃகுக்குக் காப்புரிமை கோரியபோது அதில் இருந்த கார்பனின் அளவு இன்றைய அளவைப் போலப் பல மடங்கு. அந்த எஃகைப் பற்றவைக்கத் தொடங்கியதுமே இந்த நோய் வெளிப்பட்டது. செப்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் கலந்த கொதிநீர்மத்தில் எஃகைப் போட்டுச் சோதிக்கும் முறை ஸ்ட்ராஸின் பெயரால் இன்றும் வழங்குகிறது. 1933இல் அமெரிக்காவின் பெயின், ஆபார்ன், ரூதர்ஃபோர்ட் ஆகிய மூவர், எல்லையை ஒட்டிய குரோமியக் குறைவே காரணம் என்ற விளக்கத்தை விரிவான சோதனைகளுடன் முன்வைத்தார்கள். அக்காலத்தில் அந்தக் குறுகிய பகுதியை நேரில் அளக்கக் கருவி எதுவும் இல்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எலெக்ட்ரான் நுண்ணோக்கிகள் அளந்து காட்டியபோது அவர்களுடைய ஊகம் சரியென்றே உறுதிப்பட்டது. இவ்வளவு பழைமையும் இவ்வளவு உறுதியும் கொண்ட அறிவு, பொருளை வாங்குபவர்களிடமும் பற்றவைக்கச் சொல்பவர்களிடமும் இன்னும் போய்ச் சேரவில்லையே என்பதுதான் என்னுடைய வருத்தம்.

தீர்வுகளும் அதே காலத்திலேயே தெரிந்தவை. பற்றவைத்து முடித்த பொருளை மீண்டும் 1040 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கார்பைடைக் கரைத்து, நீரில் குளிர்விப்பது முதல் வழி. சிறிய உறுப்புகளுக்கு இது பொருந்தும். பெரிய தொட்டியை உலைக்குள் நுழைப்பதே கடினம், நுழைத்தாலும் அது உருக்குலைந்து வெளிவரும். குரோமியத்தைவிடக் கார்பன்மீது நாட்டம் மிகுந்த டைட்டானியத்தையோ நியோபியத்தையோ சேர்த்து, கார்பனை அவற்றோடு கட்டிப்போடுவது இரண்டாவது வழி. 321, 347 ஆகிய வகைகள் இவ்வாறு பிறந்தவை. கார்பனையே 0.03 சதவீதத்துக்கு மேற்படாமல் குறைத்துவிடுவது மூன்றாவது வழி. 304எல், 316எல் என்று எண்ணின் பின்னால் வரும் எழுத்து இதைத்தான் குறிக்கிறது. அவ்வளவு குறைந்த கார்பனில், சில நிமிடங்களில் நிகழ்ந்த சேதம் நிகழப் பல மணி நேரம் தேவைப்படுகிறது. எந்தப் பற்றவைப்பும் அவ்வளவு நேரம் நீடிப்பதில்லை. ஒரு காலத்தில் இந்த எஃகு விலை உயர்ந்ததாக இருந்தது. உருகிய எஃகிலிருந்து கார்பனை எரித்து நீக்க ஆக்சிஜனை ஊதினால் விலைமதிப்புள்ள குரோமியமும் சேர்ந்து எரிந்துவிடும். ஆக்சிஜனுடன் ஆர்கான் வாயுவைக் கலந்து ஊதும் முறை 1960களின் இறுதியில் தொழிற்சாலைக்கு வந்தபின் குரோமியத்தை இழக்காமலே கார்பனைக் குறைக்க முடிந்தது. அதன் பிறகும் சிறு விலை வேறுபாட்டுக்காகக் கார்பன் அளவைக் குறிப்பிடாமல் தகடு வாங்கி அமிலத் தொட்டி செய்வதை நான் சிக்கனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எல் வகையை வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. வெப்பம் மிகுந்த இடங்களில் எஃகுக்கு வலிமை தருவது அதே கார்பன்தான். 540 டிகிரிக்கு மேல் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கலன்களுக்குக் குறைந்தது 0.04 சதவீதக் கார்பன் இருக்க வேண்டும் என்று அழுத்தக் கலன் விதிகளே கேட்கின்றன. டைட்டானியம் சேர்த்த வகைக்கும் ஒரு பலவீனம் உண்டு. உருகிய பகுதியை அடுத்து ஒட்டியிருக்கும் மெல்லிய கோட்டில் வெப்பம் மிக அதிகமாகி டைட்டானியம் கார்பைடும் கரைந்துவிடுகிறது. வேகமாகக் குளிரும்போது அது மீண்டும் உருவாக நேரம் கிடைப்பதில்லை. பிறகு அந்த இடம் மறுபடி ஆபத்தான வரம்புக்குச் சூடானால், விடுபட்டு நிற்கும் கார்பன் குரோமியத்தையே பிடித்துக்கொள்கிறது. கத்தியால் கீறியது போன்ற அரிமானம் அங்கே தோன்றுவதற்கு இதுவே காரணம்.

வழக்கமான கார்பன் எஃகில் பழகியவர்கள் செய்யும் ஒரு தவறையும் இங்கே குறிப்பிட வேண்டும். கார்பன் எஃகுக் கலனைப் பற்றவைத்தபின், உள்ளே தேங்கிய தகைவை, அதாவது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசையை, போக்க 600 முதல் 650 டிகிரி வரை சூடாக்கி மெதுவாக ஆறவிடுவது நல்ல வழக்கம். அதே நற்பழக்கத்தைக் கார்பன் மிகுந்த 304 எஃகில் கடைப்பிடித்தால், பற்றவைப்பின் ஓரத்தில் மட்டும் வந்திருக்கக்கூடிய சேதத்தைக் கலன் முழுவதற்கும் நாமே பரப்பியவர்கள் ஆகிறோம். துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கோடு எஃகைச் சூடாக்குவதும் கெடுதல்தான். பிசுக்கு கருகி மேற்பரப்புக்குக் கார்பனை ஊட்டிவிடும். எல் வகை எஃகுக்கும் இது பொருந்தும்.

நிக்கல் இல்லாத 430 போன்ற ஃபெரைட் வகைகளில் (படிக அமைப்பு வேறுபட்ட, காந்தம் ஈர்க்கும் எஃகு வகைகளில்) நிலைமை ஏறத்தாழத் தலைகீழ். அவை 925 டிகிரிக்கு மேல் சூடாகி விரைவாகக் குளிர்ந்தால் பாதிக்கப்படுகின்றன. 800 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சிறிது நேரம் வைத்திருந்தால், குரோமியம் நகர்ந்து வந்து குறைவை நிரப்பிவிடுவதால் குணமடைகின்றன. ஆகவே ஒரு வகைக்குரிய மருத்துவத்தை மற்றொன்றுக்குச் செய்யக் கூடாது.

இனி காந்தத்துக்கு வருகிறேன். கார்பன் 0.02 சதவீதமா 0.08 சதவீதமா என்பதைக் காந்தம் அறியாது. சென்சிடைசேஷன் நடந்ததா இல்லையா என்பதையும் அது பயன்படத்தக்க வகையில் சொல்லாது. மாறாக, நல்ல 304 எஃகையே குளிர்நிலையில் வளைத்தாலோ அழுத்தி உருக்கொடுத்தாலோ அது காந்தத்தை ஓரளவு இழுக்கத் தொடங்கும். பற்றவைப்பில் வெப்ப விரிசல் வராதிருக்க, நிரப்பு உலோகத்தில் சில சதவீத ஃபெரைட் இருக்குமாறு வேண்டுமென்றே கலவையை அமைப்பதால், நேர்த்தியான பற்றவைப்பும் காந்தத்தை இழுக்கும். இன்னொரு புறம், நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 200 வரிசை எஃகுகள் காந்தத்துக்கு மசியாமல் 304 போலவே நடிக்கும். காந்தத்தை நம்பியவர் நல்லதைத் தள்ளிவிட்டு மலிவானதை வாங்கிச் செல்ல நேரும்.

கையடக்க எக்ஸ்கதிர்க் கருவிகளைப் பற்றியும் இதே தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. தகட்டின்மீது வைத்த சில நொடிகளில் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் அளவுகளை அவை காட்டுவது உண்மை. வகை மாறிவிட்டதா என்று அறிய அவை மிகவும் உதவுகின்றன. ஆனால் கார்பன் போன்ற லேசான தனிமத்தை அவற்றால் அளக்க முடியாது என்பதால், 304க்கும் 304எல்லுக்கும் உள்ள வேறுபாடு அவற்றின் கண்ணில் படுவதில்லை. கார்பனை அறியத் தீப்பொறி நிறமாலைக் கருவியோ, உலோகச் சீவலை எரித்து அளக்கும் முறையோ வேண்டும். அவையும்கூட ஆலையில் உருக்கிய எஃகு எத்தகையது என்பதைத்தான் சொல்லும். பட்டறையில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லா.

அதைச் சொல்லும் சோதனைகள் வேறு. அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் ஏ262 என்ற தரநிர்ணயத்தில் அவை வகுக்கப்பட்டுள்ளன. மெருகேற்றிய மாதிரியை 10 சதவீத ஆக்சாலிக் அமிலத்தில் மின்னோட்டம் செலுத்தி ஒன்றரை நிமிடம் அரித்து நுண்ணோக்கியில் பார்ப்பது எளிய முதல் சோதனை. துகள் எல்லைகள் வெறும் படிகளாகத் தெரிந்தால் எஃகை ஏற்கலாம். ஒரு துகளேனும் முழுதும் பள்ளத்தால் சூழப்பட்டிருந்தால் சந்தேகம் எழுகிறது, ஆனால் அதை மட்டும் வைத்து எஃகை நிராகரிக்கக் கூடாது, அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டும். செப்புத் துண்டுகளுக்கிடையே மாதிரியை வைத்து, செப்பு சல்பேட்டும் 16 சதவீதக் கந்தக அமிலமும் கலந்த நீர்மத்தில் 15 மணி நேரம் கொதிக்கவிட்டு, பிறகு 180 டிகிரி மடித்து விரிசல் பார்ப்பது, ஸ்ட்ராஸ் முறையின் வழிவந்த சோதனை. 65 சதவீத நைட்ரிக் அமிலத்தில் 48 மணி நேரம் வீதம் ஐந்து முறை கொதிக்கவிட்டு எடை இழப்பை அளப்பது ஹ்யூயி சோதனை. பின்னதை 316எல் எஃகுக்குக் கண்மூடித்தனமாகக் கேட்பது வீண் வேலை. குரோமியக் குறைவு இல்லாதபோதும் வேறொரு நுண் சேர்மத்தை நைட்ரிக் அமிலம் கரைத்து, நல்ல எஃகையும் தோற்கடித்துவிடும். பொருள் எந்த அமிலத்தைச் சந்திக்கப் போகிறது என்று கேட்டுத்தான் சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாசகர்களுக்குத் தேவையற்ற அச்சத்தை ஊட்டுவதும் என் நோக்கமன்று. சென்சிடைசேஷன் ஏற்பட்ட எஃகு எல்லா இடத்திலும் அரித்துவிடாது. சாதாரணக் காற்றிலும் நல்ல நீரிலும் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கலாம். பற்றவைப்பருகே தோன்றும் ஒவ்வொரு விரிசலும் இந்த நோயின் விளைவும் அல்ல. குளோரைடு உப்பினால் வரும் தகைவு விரிசல் பெரும்பாலும் துகள்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். இதுவோ எல்லைகளைச் சுற்றிச் சுற்றிப் போகும். நுண்ணோக்கியில் ஒரு மாதிரியைப் பார்த்தாலே பல நேரங்களில் இரண்டையும் பிரித்தறியலாம். ஆனால் தகைவும் சென்சிடைசேஷனும் ஒன்றுசேரும்போது, வலுவான அமிலமே தேவையில்லை. 1970களில் அமெரிக்காவின் கொதிநீர் அணு உலைகளில், 304 எஃகுக் குழாய்களின் பற்றவைப்புகளை ஒட்டி விரிசல்கள் கண்டறியப்பட்டன. குழாயில் ஓடியது 280 டிகிரியைத் தாண்டிய, சிறிதளவு ஆக்சிஜன் கரைந்த தூய நீர்தான். கார்பனை 0.02 சதவீதத்துக்குக் குறைத்து, இழந்த வலிமையை நைட்ரஜனால் ஈடுசெய்த 316 வகை எஃகு பின்னர் அந்த இடத்தில் பயன்படுத்தப்பட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஓடும்போது எதுவும் நேராமல், பராமரிப்புக்காக நிறுத்தித் திறந்தபின் விரிசல் விடும் குழாய்களும் உண்டு. உட்சுவரில் படிந்த சல்பைடு, காற்றும் ஈரமும் பட்டதும் பாலித்தயோனிக் அமிலமாக மாறி, ஏற்கெனவே பலவீனமான எல்லைகளைத் தாக்குகிறது. திறக்கும் முன்பே சோடா உப்புக் கரைசலால் கழுவிவிடும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது.

இத்தகைய ஒரு சேதத்தைக் கண்டவுடன் 'போலி எஃகு' என்று சொல்லிவிட்டால், தகடு விற்றவர் ஆலையின் சான்றிதழைக் காட்டுகிறார். சான்றிதழில் குரோமியம் சரியாகவே இருக்கிறது. வழக்கு அங்கேயே நின்றுபோகிறது. அதே வகைத் தகட்டை மறுபடி வாங்கி, அதே முறையில் பற்றவைத்து, அதே இடத்தில் மறுபடியும் கசிவைப் பெறுகிறார்கள். எந்த வகையைத் தேர்ந்தெடுத்தார்கள், கார்பனுக்கு என்ன வரம்பு எழுதினார்கள், தடித்த தகட்டில் எத்தனை ஓட்டங்கள் இட்டார்கள், அதன்பின் எந்த வெப்பத்துக்குச் சூடாக்கினார்கள் என்ற கேள்விகளை யாரும் எழுப்புவதில்லை. சில நேரங்களில் தவறு பற்றவைத்தவர் தலையில் விழுகிறது. அவரிடம் பொருத்தமற்ற தகட்டைக் கொடுத்து, பொருத்தமற்ற வரைவைக் கொடுத்தவர்கள் விசாரணைக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஆகவே கட்டுரையில் உள்ள காந்தச் சோதனைக் குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில் வாங்குபவர்களுக்கு வேறொரு குறிப்பைத் தரலாம். அமிலச் சூழலில் பயன்படும் பற்றவைத்த பொருளுக்கான கொள்முதல் ஆணையில், எஃகின் வகையோடு கார்பனின் உச்ச அளவையும், ஏ262இல் எந்தச் சோதனை என்பதையும், அது எந்த நிலையில் உள்ள மாதிரியில் செய்யப்பட வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். கார்பன் குறைந்த வகைகளையும் டைட்டானியம், நியோபியம் சேர்த்த வகைகளையும் வந்த நிலையிலேயே சோதித்தால் எல்லாம் தேறிவிடும். முதலில் 675 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி, பிறகு சோதிக்க வேண்டும். முடிந்தால், பொருளைச் செய்யும் அதே தடிமனில், அதே எண்ணிக்கையிலான ஓட்டங்களுடன் ஒரு மாதிரித் தகட்டைப் பற்றவைக்கச் செய்து, அதன் ஓரப் பட்டையிலிருந்து வெட்டிய துண்டையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம்.

இப்படிக்கு,
உலோகப் பரிசோதனைத் துறையில் பணியாற்றும் ஒரு வாசகர்